மான் வாயில் பை

உட்துறைமுக வீதி மதில்
நாற்பத்திரண்டு அடி என்று தீர்மானம் எழுதினோம்.
அருமைநாயகம் ஐயா நாடா பிடித்து அளந்து
நாற்பத்தொரு அடி ஒன்பது அங்குலம் என்றார்.
முதற்கூட்டம் அத்தோடு முடிந்தது.

நில அளவைத் திணைக்களத்தில்
முப்பத்தொரு வருடம் படம் கீறியவர்.
கடலுக்கு நீலம் குழைத்தால்
எந்த மாதத்துக் கடல் என்று கேட்பார்.
மார்கழியில் கொட்டியாரக் குடா
மண் நிறம் பிள்ளை, மண் நிறம்.
மெற்றில்டா ரீச்சர் தூரிகையை வாளிக்குள் போட்டுவிட்டுக்
குடையையும் எடுக்காமல் நடந்தார்.
அடுத்த கிழமை புதுக்குடையோடு வந்தார்.
பழையது இன்னும் என்னிடம்.

நான் செயலாளர்.
கொப்பியில் எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியும்.
கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது என்றால்
யாரோ மேசையில் அடித்தார்கள்.
நீண்ட கலந்துரையாடலின் பின் என்றால்
ரீ ஆடை கட்டிவிட்டது.
ஏகமனதாக என்றால்
ஐயா அன்றைக்கு வரவில்லை.

நவ்பர் ஹாஜியார் பதினாறு ரின் பெயின்ற் தந்தவர்.
மூலையில் சின்னதாய்க் கடைப் பெயர், அவ்வளவுதான் என்றார்.
அந்தச் சின்னது
கிழமைக்கு ஒரு சாண் வளர்ந்தது.
சுனில் எல்லாவற்றுக்கும் ஹரி ஹரி என்று தலையாட்டி
ஒரு நாளும் வேலைக்கு வராதவன்.
அவனைப் பற்றி மட்டும்
யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை.

பிறகு மான்.
இந்த ஊரில் மதில் என்றால் மான் நிற்கவேண்டும்,
கோணேசர் மலைக்கு வருகிற சனம்
பக்கத்தில் நின்று படம் எடுக்கவேண்டும்.
ரீச்சர் கீறினார்.
புள்ளி, கொம்பு, ஈரமான கண்.
ஐயா கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு
பத்து நிமிடம் பார்த்தார்.

பை எங்கே?

என்ன பை ஐயா?

மீன் சந்தைக்குப் பின்னால் இது தின்கிற பை.
வாயிலிருந்து ஒன்றரை அடி தொங்குமே.
அது இல்லாத மானை
நீங்கள் எந்த ஊரில் பார்த்தீர்கள்?

ஒருவரும் வாய் திறக்கவில்லை.
எல்லோரும் பார்த்திருந்தோம்.
கடைசியில் ஹாஜியார்தான்,
என்னுடைய பெயின்றில் குப்பை கீற ஏலாது என்றார்.

ஐயாவின் இராஜினாமா பதிவுத் தபாலில் வந்தது,
மூன்றாவது தடவை,
முத்திரைச் செலவுக்குப் பற்றுச்சீட்டு இணைத்து.

அன்றைக்கு ரீ சுடச்சுடக் குடித்தோம்.
அவர் நாடா இழுக்கிற மாதிரி
ஹாஜியார் நடித்துக் காட்ட
ரீச்சருக்குப் புரையேறியது.
நானும் சிரித்தேன்.

இரண்டு கிழமை வேலை வழுக்கிக்கொண்டு போனது.
கடல் நீலம். புறா வெள்ளை.
மான் சவர்க்கார விளம்பரம் போல மினுங்கியது.
ஒரு பின்னேரம் அதன் முன்னால் நின்று
நான் ஏதோ சொல்லிவிட்டேன்.
பெரிதாய் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன்.
அடுத்த கூட்டத்துக்குக் காய்ச்சலில் போகவில்லை.
பிறகு கொப்பியைப் புரட்டினால்
ரீச்சரின் சாய்ந்த எழுத்து:
செயலாளரின் போக்குப் பற்றிக்
கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது.
கீழே,
ஏகமனதாக.

திறப்பு விழாக் காலை.
பிரதேச செயலாளர் வர இன்னும் அரை மணி.
மானின் வாயில் பை.
வெள்ளை, சுருங்கி, காற்றுக்குக் கொஞ்சம் ஊதி.
பெயின்ற் அறைக்குத் திறப்பு இரண்டு.
ஒன்று ஹாஜியாரிடம்.

அவர் கனநேரம் பேசாமல் நின்றார்.
கீறினதுதான் கீறினீங்க,
பையில என்ட கடைப் பெயரப் போட்டிருக்கலாமே என்றார்.
ரீச்சர் யாரையும் பார்க்கவில்லை.
சுனில் ஹரி ஹரி என்றான்.

அழைப்பில்லாமல் ஐயா வந்தார்,
இஸ்திரி போட்ட சேர்ட், காற்சட்டைப் பையில் நாடா.
பையை அளந்தார்.
பிறகு என் நகக்கண்களைப் பார்த்தார்.

இரண்டு அங்குலம் குறைவு என்றார்.

தூறத் தொடங்கியது.
ரீச்சர் புதுக்குடையை விரித்து
ஐயாவுக்கு எட்டாத தூரத்தில் பிடித்தார்.
நான் பழையதைக் கொண்டு வந்திருந்தேன்.
திருப்பிக் கொடுக்க
அது நேரமாய்த் தெரியவில்லை.